மாடியில் பக்கெட் கொட்டினால் கீழே 'களக் களக்': அடைப்பா, காற்றா?

கேள்வி: தஞ்சாவூருக்கு வெளியே எங்கள் வீடு. கீழ்த்தளம் கட்டி 12 வருடம் ஆகிறது. போன வருடம் மாடி எடுத்தோம். அதன்பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. மாடிக் குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டினாலோ, வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றினாலோ, கீழ்க் குளியலறை ஜாலியில் 'களக் களக்' என்று சத்தம் வருகிறது. பின்னாலேயே சாக்கடை நாற்றம். மாடியின் 3 அங்குலக் குழாய் அந்தக் குளியலறைத் தரை மட்டத்தில் ஒரு எல்போவில் தொடங்கி, பின்சுவர் வழியாக இறங்கி, கீழ்க் குளியலறைக் குழாயோடு சேர்ந்து சேம்பருக்கும் அங்கிருந்து செப்டிக் டேங்குக்கும் போகிறது. பழைய மொட்டைமாடியில் நின்ற காற்றுக் குழாயை மாடி எடுக்கும்போது வெட்டி மூடிவிட்டார்கள். கீழ்ச் சமையலறை சிங்க்கில் எந்த நேரமும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது; சிங்க்குக்குக் கீழே நெளி பைப் போட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றுகிறேன். அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பியை விட்டால் 4 அடியில் நின்றுவிடுகிறது. குளியலறை ட்ராப்பை (ஜாலிக்குக் கீழே தண்ணீர் நிற்கும் வளைவை) உடைத்து மாற்ற வேண்டும் என்கிறார் கொத்தனார். சின்ன வேலைகளை நானே செய்து பழக்கம். இதையும் நானே செய்யலாமா? இன்னொன்று, இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் வீடு முழுக்க நாறுகிறது.

பதில்: ட்ராப்பை உடைக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ட்ராப் கெட்டதாகத் தெரியவில்லை. அதற்குள் நிற்கும் தண்ணீரை மாடிக் குழாய் ஒவ்வொரு முறையும் கலைத்துவிடுகிறது. புது ட்ராப் வைத்தாலும் அதே குழாய் அதையும் கலைக்கும். டைல்ஸும் தரையின் நீர்க்காப்புப் பூச்சும் போனதுதான் மிச்சமாக இருக்கும். சமையலறை சிங்க் வேறு கோளாறு. இரண்டையும் ஒரே அடைப்பு என்று நினைத்ததால்தான் ஆசிட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

முதலில் குளியலறை. ஃப்ளோர் ட்ராப்பின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே கதவு. நீரடைப்பு என்று சொல்லும் இந்தத் தண்ணீரின் ஆழம் குறைந்தது 50 மி.மீ., அதாவது 2 அங்குலம் இருக்க வேண்டும். 50 மி.மீ. தண்ணீரால் அந்த அளவு காற்றழுத்தத்தைத்தான் தடுக்க முடியும். அதனால்தான் குழாய்க்குள் அழுத்தம் 38 மி.மீ. நீர் உயரத்துக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் இருக்கும்படி கழிவுநீர்க் குழாய்களை அமைப்பது வழக்கம்.

மாடியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்தால் 15 லிட்டருக்கு மேல் தண்ணீர் சில விநாடிகளில் 3 அங்குலக் குழாய்க்குள் விழுகிறது. விழும் தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னால் இருக்கும் காற்றை இழுக்கும். குழாயின் உச்சி வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் இழுக்கிற காற்று அங்கிருந்து வந்துவிடும். உங்கள் குழாயோ எல்போவோடு முடிந்துவிட்டது, மேலே திறப்பே இல்லை. ஆகவே கிடைக்கிற ட்ராப் வழியாகத்தான் அது காற்றை இழுத்தாக வேண்டும். கீழே இன்னொரு சிக்கல்: செங்குத்தாக விழுந்த தண்ணீர் அடி வளைவில் திரும்பும்போது வேகம் குறைந்து திரளும், சில நேரம் குழாயையே நிரப்பிவிடும். அப்போது அங்கே சிக்கிய காற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் வழி உங்கள் கீழ்க் குளியலறை ட்ராப்தான். நீங்கள் கேட்கும் 'களக்' அந்தக் காற்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். நாலைந்து 'களக்' ஆனதும் 50 மி.மீ. தண்ணீர் 10, 15 மி.மீ. ஆகிவிடும். அதற்குப் பிறகு நாற்றத்தைத் தடுக்க எதுவும் இல்லை.

இது சரிதானா என்று நீங்களே பார்த்துவிடலாம், பணம் செலவில்லை. முதலில் சேம்பர் மூடியைத் திறந்து, சற்று விலகி நின்று, மாடியில் இரண்டு பக்கெட் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். தண்ணீர் தயங்காமல் ஓடிவிட்டால் நல்லது. குழாய் வாய் மூழ்கும் அளவுக்குத் தேங்கினால் அடைப்பு சேம்பருக்கு அப்பால் இருக்கிறது, அல்லது செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறது. அப்படியானால் நான் கீழே சொல்லும் எதையும் செய்வதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். சேம்பர் திறந்திருக்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும்.

அடுத்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்து அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கீழ்க் குளியலறை ஜாலியைக் கழற்றி, ட்ராப்பில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் அடங்கியதும் குச்சியைச் செங்குத்தாக அடிவரை விட்டு எடுங்கள். ஈரம் ஏறிய இடம் கோடாகத் தெரியும், பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். மாடியில் இரண்டு பக்கெட் கொட்டியபிறகு இன்னொரு குச்சியால் அதே மாதிரி பாருங்கள். கோடு 25 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், குழாயில் காற்றுக் கோளாறுதான். ஜாலியைக் கழற்றியிருக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள்: சில ட்ராப்புகளில் உள்ளே கவிழ்த்து வைத்த ஒரு கிண்ணம்தான் நீரடைப்பை உண்டாக்கும். முடி எடுக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பப் போடாமல் விட்டால் அந்த ட்ராப் வெறும் ஓட்டைதான். கடையில் கரப்பான் ட்ராப் என்று கொடுக்கும் ஜாலியை நம்பவும் வேண்டாம். அது பூச்சியைத் தடுக்கும். அதற்குள் நிற்கும் கொஞ்சத் தண்ணீர் 2 அங்குல நீரடைப்புக்கு ஈடாகாது.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது, ஏனென்றால் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ஜாலியைச் சுற்றித் தரையை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு பாலிதீன் பையைக் கிழித்து விரித்து, ஜாலிமேல் கொஞ்சம் தொய்வாகப் போட்டு, நாலு பக்கமும் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். மாடியில் தண்ணீர் கொட்டும்போது தாளைப் பாருங்கள். உள்ளே இழுத்தால் மேலே காற்று வழி இல்லை என்று பொருள். உப்பினால் அடி வளைவில் காற்று சிக்கித் தள்ளுகிறது என்று பொருள். முதலில் உப்பி, பிறகு இழுத்தால் இரண்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டும் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் மேலே காற்று வழியை முதலில் திறந்துவிடுங்கள். அது செலவு குறைந்த வேலை, தரையைத் தொட வேண்டியதில்லை, பல வீடுகளில் அதோடு தொல்லை தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான்: மாடிக் குளியலறைத் தரை மட்டத்தில் இருக்கும் அந்த எல்போவை எடுத்துவிட்டு ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) வைத்து, அதிலிருந்து 3 அங்குலக் குழாயை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோக வேண்டும். ஆள் நடமாடும் மொட்டைமாடியானால் குழாய் உச்சி தளத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடி உயரம் 10 அடி, அதற்கு மேல் 2 மீட்டர், ஆக சுமார் 5 மீட்டர் குழாய் வேண்டும். 3 மீட்டர் குழாய் 2 வாங்குங்கள். 75 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாய், ஐ.எஸ். 13592 முத்திரை உள்ளதாகக் கேளுங்கள். அதில் ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை கழிவுநீருக்கும். மேலே போகும் காற்றுக் குழாய்க்கு ஏ வகை போதும். டீக்குக் கீழே சேர்க்கும் துண்டு பி வகையாகத்தான் இருக்க வேண்டும். அதோடு கதவு வைத்த டீ 1, இரண்டு குழாயைச் சேர்க்க, நடுவில் தடுப்பு இல்லாமல் முழுக்கச் சறுக்கும் கப்ளர் 2, கிளாம்ப் 4, உச்சிக்கு வென்ட் கவுல் (காற்றுக் குழாய் மூடி) 1, ரப்பர் லூப்ரிகன்ட் சின்ன டப்பா ஒன்று. பேஸ்ட் போட்டு ஒட்டும் சாமான்களைவிட ரப்பர் ரிங் வைத்தவை உங்களுக்கு நல்லது. தப்பாகப் பொருத்தினாலும் கழற்றி மாட்டலாம். மூட்டுக்கு எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். லூப்ரிகன்ட் இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் போதும்.

அன்றைக்கு மாடியில் யாரும் தண்ணீர் புழங்கக் கூடாது. எல்போவுக்கு 6 அங்குலம் கீழே செங்குத்துக் குழாயை ஹாக்ஸாவால் நேராக அறுங்கள். நேராக அறுக்க, ஒரு செய்தித்தாளைக் குழாயைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சுற்றினால் கோடு கிடைத்துவிடும். பிறகு எல்போவைத் திருகித் திருகி வெளியே இழுத்தால் சுவரிலிருந்து வரும் குழாயிலிருந்து கழன்றுவிடும். பேஸ்ட் போட்டு ஒட்டியிருந்தால் கழலாது. எல்போவின் விளிம்பை ஒட்டி அறுத்து எடுங்கள், ஆனால் சுவருக்கு வெளியே குறைந்தது 3 அங்குலக் குழாய் மிச்சம் இருக்க வேண்டும். அறுத்த முனைகளின் பிசிறை அரத்தால் எடுத்து, வெளிவிளிம்பைச் சாய்வாகத் தேயுங்கள். இதைச் செய்யாமல் தள்ளினால் கூரான விளிம்பு ரப்பர் ரிங்கைக் காடியிலிருந்து புரட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மூட்டு சரியாகத்தான் தெரியும், கசிவு பிறகுதான் தெரியவரும்.

டீயின் கிளை தண்ணீர் இறங்கும் பக்கமாக வளைந்திருக்கும். தலைகீழாக வைத்துவிடாமல் பார்த்து, சுவர்க் குழாயில் ஏற்றுங்கள். டீயின் அடிமுனைக்கும் அறுத்த குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து, அதைவிட 1 செ.மீ. குறைவாக ஒரு துண்டு வெட்டுங்கள். இரண்டு கப்ளரையும் கீழ்க் குழாயின் மேல் முழுக்க இறக்கி, துண்டை நேராக நிறுத்தி, கப்ளர்களை மேலே சறுக்கி, ஒன்றை டீக்கும் துண்டுக்கும் நடுவிலும் மற்றதைத் துண்டுக்கும் கீழ்க் குழாய்க்கும் நடுவிலும் நிறுத்துங்கள். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பென்சிலால் முன்பே கோடு போட்டுக்கொள்ளாவிட்டால் ஒரு பக்கம் அரை அங்குலம்தான் பிடித்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. மேலே போகும் குழாயையும் சாக்கெட்டுக்குள் முட்டும்வரை தள்ளிவிட்டு 1 செ.மீ. வெளியே இழுத்து விடுங்கள். வெயிலில் 30 டிகிரி வித்தியாசத்துக்கு 6 மீட்டர் பி.வி.சி. குழாய் ஒரு செ.மீ.க்கு மேல் நீளும். இடம் கொடுக்காவிட்டால் அது கிளாம்ப்பைப் பிடுங்கும். கிளாம்ப் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. உச்சி, ஜன்னலுக்கும் தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் பக்கத்தில் வரக் கூடாது. பக்கத்து வீட்டு ஜன்னலையும் பாருங்கள். இந்த வேலையைத் தனியாகச் செய்யவே கூடாது. ஏணியைக் கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்; மொட்டைமாடிக்கு மேலே போகும் பகுதியைக் கைப்பிடிச் சுவருக்கு உட்புறம் நின்றுதான் பொருத்த வேண்டும்.

மாடி எடுக்கும்போது வெட்டி மூடிய பழைய குழாயையும் விடாதீர்கள். அது செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயாகவோ கீழ்க் கழிப்பறைக் குழாயின் வென்ட்டாகவோ இருக்கும். அதை மூடினால் டேங்கில் உண்டாகும் வாயு வீட்டுக் குழாய்கள் வழியாகத்தான் திரும்பி வரும். வெட்டிய இடம் சுவருக்கு வெளியே இருந்தால் அங்கே கப்ளர் வைத்து அதையும் இதேபோல் மொட்டைமாடிக்கு மேல் 2 மீட்டர் ஏற்றுங்கள். சுவருக்குள் புதைந்திருந்தால் டேங்கிலிருந்து புதிதாக ஒரு வென்ட் எடுக்க ஆள் வைக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்ததும் பாலிதீன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தாள் அசையாவிட்டால் வேலை முடிந்தது. இழுப்பது நின்று, உப்புவது மட்டும் மிச்சம் இருந்தால், மாடிக் குழாய் கீழ்க் குழாயோடு சேரும் இடத்தை மாற்றியே ஆக வேண்டும். மாடிக் குழாய் அடி வளைவுக்குப் பக்கத்தில் கீழ்த்தள இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. மாடிக் குழாயைத் தனியாகச் சேம்பர் வரை கொண்டுபோவதுதான் நிரந்தரத் தீர்வு. மண்ணுக்குள் போகும் வேலை, கொத்தனாரிடம் விடுங்கள். ஆனால் இரண்டை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்: அடியில் ஒரே 90 டிகிரி எல்போ வைக்காமல் இரண்டு 45 டிகிரி வளைவு வைக்க வேண்டும், 3 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு வேண்டும். கண்மதிப்பில் விடாமல் நூல் கட்டி ரசமட்டம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்று உண்டு, அதை வைத்தால் போதும் என்று யாராவது சொல்லலாம். அது இழுப்பைத்தான் சரிசெய்யும். தள்ளுகிற காற்றை அது வெளியே விடாது.

இப்போது சிங்க். மாடியில் யாரும் தண்ணீர் விடாதபோதும் மெதுவாகவே இறங்குகிறது என்பதால் இது உண்மையான அடைப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. சாம்பார்ப் பாத்திரத்து எண்ணெயும் நெய்யும் குழாய்க்குள் ஆறி ஒட்டும். அதன் மேல் வடிகஞ்சியும் மாவு கழுவிய தண்ணீரும் படியும். 2 அங்குலக் குழாய் கடைசியில் விரல் அகலத்துக்கு வந்துவிடும். இதற்கு ஆசிட் ஒன்றும் செய்யாது. கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; அது கொழுப்பைக் கரைக்காது. சேம்பரின் சிமெண்ட் பூச்சையும் டைல்ஸ் இணைப்பையும் அரிக்கும், சிங்க்கின் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும், செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், குளியலறை மாதிரி சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. காஸ்டிக் சோடா கொழுப்பைக் கரைக்கும்தான், ஆனால் அடைத்த குழாயில் கொஞ்சத் தண்ணீரோடு தங்கினால் சூடேறி பி.வி.சி.யை இளக்கிவிடும், ஆறியபிறகு கல் மாதிரி இறுகும். ஆசிட் ஊற்றிய குழாயில் அதைப் போட்டால் பொங்கி முகத்தில் தெறிக்கும். இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

பைப்பைக் கழற்றுவதற்கு முதல் நாள் சிங்க்கில் இரண்டு மூன்று பக்கெட் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மிச்ச ஆசிட்டை வெளியேற்றுங்கள். கழற்றும்போது ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். அடியில் பக்கெட் வைத்து, நெளி பைப்பைத் தரைக்குழாயிலிருந்து உருவி எடுங்கள். சிங்க் ஓட்டையிலிருந்து 4 அடி என்பது பெரும்பாலும் தரைக்குழாயின் முதல் எல்போ. உங்கள் ஸ்பிரிங் அடைப்பில் முட்டவில்லை, வளைவில் முட்டியிருக்கிறது. இப்போது ஸ்பிரிங்கை நேராகத் தரைக்குழாய்க்குள் விடுங்கள். 5 மீட்டர் நீளம் போதும். வளைவில் நின்றதும் தள்ளாதீர்கள். குழாய் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கைப்பிடியை இறுக்கி, கடிகாரச் சுற்றில் மட்டும் திருப்பிக்கொண்டே லேசாக அழுத்துங்கள். எதிர்ச்சுற்றில் திருப்பினால் ஸ்பிரிங் பிரிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வளைவைத் தாண்டியதும் கை சட்டென்று இலேசாகும். இழுத்து, துணியால் துடைத்து, மறுபடி விடுங்கள். வெள்ளைச் சாம்பல் நிறத்தில் மெழுகு போல வரும், அதுதான் நீங்கள் தேடிய அடைப்பு. சிங்க் குழாய் சேம்பரில் வந்து விழும் வாய் தெரிந்தால், அங்கே ஒரு கம்பிவலையைப் பிடித்து வரும் கட்டிகளை எடுத்துக் குப்பையில் போடுங்கள், டேங்குக்குள் போகவிடாதீர்கள்.

வழி திறந்தபிறகு சுடுதண்ணீர். கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள்; கொதித்தது ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் 65 டிகிரி அளவில் இருக்கும். அதில் 10 லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் 3 ஸ்பூன் விட்டு ஊற்றி, உடனே ஒரு பக்கெட் சாதாரணத் தண்ணீரை வேகமாக விடுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்து, எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்துவிட்டால், ஸ்பிரிங்கைத் தேட வேண்டி வராது. நெளி பைப்பைத் திரும்ப மாட்டாதீர்கள். அதன் ஒவ்வொரு நெளிவிலும் பிசுக்குத் தங்கும். வளைத்துக் கட்டாமல் விட்டால் நீரடைப்பும் இருக்காது. பாட்டில் ட்ராப் ஒன்று வாங்கி, கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை கீறிவிடும். அதன் குழாய் சுவரிலோ தரையிலோ நுழையும் இடத்து இடைவெளியை ரப்பர் வாஷரால் மூடுங்கள். கரப்பானும் நாற்றமும் வருவதற்கு அந்தச் சந்து போதும்.

செப்டிக் டேங்கை மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நீங்களோ வேறு யாரோ அதற்குள் இறங்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிட்டுத்தான் ஆளைச் சாய்க்கும். ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. 14420 என்ற எண்ணை அழைத்தால் கழிவு அகற்றும் வண்டிக்கு வழி சொல்வார்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் வரும் நாற்றம், ஏற்கெனவே குறைந்துபோன நீரடைப்பு காய்ந்துபோவதால் வருவது. 50 மி.மீ. முழுதாக நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடாது, 10 மி.மீ. மட்டும் இருந்தால் தஞ்சாவூர்க் கோடையில் அதற்குள் போய்விடும். காற்று வழி சரியானதும் இதுவும் பெரும்பாலும் நின்றுவிடும். மாதக்கணக்கில் பூட்டிப் போகும்போது ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி கடலை எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து ட்ராப்பிலேயே ஒட்டிக்கொள்ளும்.